ஆர்மடில்லோவுக்குக் கொத்துக்கறி

அறுபதுகளின் கடைசியில், பிரெஞ்சு பேசும் லாசால் ஊரில் நாங்கள் குடியிருந்த அடுக்குமாடி வீட்டுக்கு ஒரு ஆர்மடில்லோ வந்து சேர்ந்தது. என் கணவருக்குப் பக்கத்து ஊரான சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவில் வேளாண்மை ஆராய்ச்சி வேலை. கூட வேலை பார்த்த டெக்சாஸ்காரர் வெளிநாடு கிளம்பும்போது, தன் செல்லப் பிராணியைக் குளிர்காலம் முடியும்வரை பார்த்துக்கொள்ளச் சொன்னாராம். இவரும் தலையாட்டிவிட்டார். நம்மூர் அழுங்கு மாதிரி முதுகெல்லாம் ஓடு, நீண்ட மூக்கு, கழுதைக் காது. கையில் கிடைத்த துணியையெல்லாம் இழுத்துப் போய்க் கட்டிலுக்கடியில் படுக்கை போட்டுக்கொள்ளும்.

வெளியே பனி மூடியதும் அதற்குப் புழு கிடைக்கவில்லை. கொத்துக்கறி வாங்க வேண்டியதாயிற்று. முட்டைகூட நுழையாத வீடு எங்களுடையது. இவர் வேலையிலிருந்து வருவதற்குள் கறிக்கடை மூடிவிடும் என்பதால் நான்தான் போனேன். மூச்சை அடக்கிக்கொண்டு பொட்டலத்தை வாங்கித் திரும்பினால், கடை வாசலில் டாக்டர் வீட்டு மாமி. எங்கள் வீட்டில் பலமுறை சாப்பிட்டவர்.

“இங்கே உனக்கென்ன வேலை?”

“நாய்க்கு, மாமி.” ஆர்மடில்லோ என்று சொல்ல வாய் வரவில்லை.

பொங்கலன்று பகல் சாப்பாட்டுக்கு நாலைந்து குடும்பங்களை அழைத்திருந்தோம். இலை போட்டு உட்காரும் நேரத்தில் மாமி கேட்டார்: “உங்க நாய் எங்கே? சத்தமே காணோமே?”

அந்த நேரம் பார்த்துப் படுக்கையறைக் கதவை முட்டித் திறந்துகொண்டு ஆர்மடில்லோ வந்தது. என் உள்பாவாடையை வயிற்றோடு அணைத்தபடி, பின்னோக்கித் தத்தித் தத்தி, கூடத்தின் நடுவே இழுத்துக்கொண்டு போனது. ஆண்கள் எல்லாரும் தலையைத் திருப்பிக்கொண்டார்கள்.

“இதுவா நாய்? இதுக்குக் கறி போட்ட கையாலயா எங்களுக்குச் சமைச்சே?” என்றார் மாமி.

இவர் குறுக்கிட்டார். “அதுக்கு நான்தான் போடறேன், மாமி. அவ வாங்கிட்டு வர்றதோட சரி.”

மாமி மோர் மட்டும் குடித்துவிட்டு எழுந்தார். அவர் எழுந்ததும் பாதிப் பேர் பாதியில் எழுந்தார்கள். குண்டான் நிறையச் சர்க்கரைப் பொங்கல் அப்படியே இருந்தது.

அடுத்த வாரம் மாமி மறுபடி வந்தார். தன் மகள்கள் ஆர்மடில்லோவைப் பார்த்தே ஆக வேண்டுமென்று பிடிவாதம் பிடிக்கிறார்களாம். பெண்கள் கட்டிலுக்கடியில் கவிழ்ந்து கிடந்து பிரெஞ்சில் கூச்சலிட்டார்கள். மாமி சோபாவில் கால்களை மடக்கி வைத்துக்கொண்டு என் காப்பியைக் குடித்தார்.

“இதைக் குளிப்பாட்டுவீங்களாடி?” என்றார்.

“குளிப்பாட்டறது இவர்தான், மாமி; நான் வெந்நீர் வைக்கிறதோட சரி” என்றேன், அவர் முகத்தைப் பார்க்காமலே.