வேறு மூட்டையில் விழுந்த காய்

எண்பத்து மூன்றாம் வருஷம் மலையில் மழையே இல்லை. ஏலத்தோட்டங்கள் காய்ந்தன. காய்ந்ததோடு விடாமல் தீயும் பிடித்தது. போடியில் நாங்கள் ஏலக்காய் தரம் பிரிக்கும் கிட்டங்கியில் அறுபது பெண்கள் உட்கார்ந்த இடத்தில் பதினெட்டுப் பேர் மிஞ்சினோம். தோட்ட வேலை போய் என் வீட்டுக்காரர் வீட்டோடு கிடந்தார். என் ஒருத்தி கையை நம்பி ஐந்து வயிறு. உனக்கு வேலை இருக்கிறதே, நீ அதிர்ஷ்டக்காரி என்றார்கள் தெருவில். இதற்குப் பெயர் அதிர்ஷ்டமாம்!

அந்த நேரத்தில்தான் ஒரு திங்கட்கிழமை காலையில் காசிராஜன் வந்தார். பொட்டிபுரத்தில் நாலு ஏக்கரும் கிணறும் வைத்திருந்த சம்சாரி. காய் விலை கேட்க வந்திருப்பார் என்று நினைத்தோம். மனுஷன் செருப்பை வாசலில் கழற்றிவிட்டு நேரே எங்கள் வரிசைக்கு வந்தார். எனக்குப் பக்கத்தில் காலியாகக் கிடந்த சாக்கில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, காய் பிரிக்கும் சொளகு ஒன்றை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

நாங்கள் பதினெட்டுப் பேரும் திரும்பிப் பார்த்தோம். காய் பிரிப்பது பெண்கள் வேலை. மூட்டை தூக்கவும் எடை போடவும்தான் ஆம்பளை. எந்தக் காலத்திலும் ஓர் ஆம்பளை அந்தச் சாக்கில் உட்கார்ந்ததில்லை.

"கெணறு வத்திப்போச்சு. மூட்டை தூக்க ஏற்கெனவே அம்பது பேரு நிக்கிறாக. இங்கதான் எடம் இருக்குன்னாக" என்றார், யாரையும் பார்க்காமல்.

"பொம்பளக் கூலிக்கே வர்றேன்னுட்டாரு" என்று கணக்கப்பிள்ளை திருப்பதி எங்களிடம் கிசுகிசுத்தார். வரிசையில் இருந்த மூக்கம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏழு வருஷத்துக்கு முன்னால் அவர் புஞ்சையில் கடலை ஆயப் போயிருந்தேன். சாயங்காலம் எல்லாரும் மடியை உதறிக் காட்டச் சொன்னார். என் மடியிலிருந்து ஒரு கைப்பிடி கடலை விழுந்தது. பிள்ளைக்கென்று எடுத்தது. "நாளைக்கு வராத" என்று அத்தனை பேர் முன்னால் கத்தினார். அன்றைக்கு நான் வீடு வந்து சேர்ந்தது எப்படி என்று எனக்கே தெரியாது.

கிட்டங்கியிலும் அதே கதைதான். தினமும் வாசலில் நாங்கள் மடியை உதறிக் காட்டிவிட்டுத்தான் போக வேண்டும். காசிராஜனுக்கு மட்டும், "நீங்க போங்கண்ணே" என்று திருப்பதி வழிவிடுவார். எனக்கு வயிறு எரியும்.

மண்வெட்டி பிடித்த விரல்களுக்குக் காய் பிடிபடவில்லை. வெடித்த காயும் பச்சைக் காயும் கலந்து போகும். திருப்பதி சின்னப் பையனை அதட்டுவதுபோல் அதட்டுவார். காசிராஜன் தலையைக் குனிந்து மறுபடி பிரிப்பார். வெட்கப்படாமல் பக்கத்தில் கேட்பார். "செல்லத்தாயி, இது எதுல போடணும்?" நான் காது கேட்காதவள்போல் இருப்பேன். மூக்கம்மாள்தான் சொல்லிக்கொடுத்தாள். மூன்றாவது வாரத்தில் எங்களுக்குச் சமமாகப் பிரித்தார். இந்த வயதில், இந்த மனுஷனுக்கு இவ்வளவு பொறுமை எங்கிருந்து வந்தது என்று திகைப்பாகத்தான் இருந்தது. ஆனாலும் என் மனசு இறங்கவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை மதியம், அசதியோ பசியோ, ஒரு சொளகு முதல்தரப் பச்சைக் காயை வெடித்த காய் மூட்டையில் கொட்டிவிட்டார். நான் பார்த்தேன். என் கை அப்படியே நின்றது. சொல்லியிருக்கலாம். திருப்பதியிடம் நாலு பேர் முன்னால் நன்றாக வாங்கிக் கட்டிக்கொள்ளட்டும் என்று வாயை மூடிக்கொண்டேன்.

சாயங்காலம் முதலில் முதல்தர மூட்டையை எடை போட்டபோது, வழக்கமாகத் தேறும் அளவுக்கு ஒரு கிலோவுக்கு மேல் குறைந்தது. திருப்பதி நேரே என்னிடம் வந்தார். முதல்தர மூட்டைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவள் நான்.

"மடிய உதறு." உதறினேன். ஒன்றும் விழவில்லை.

"யாருகிட்டக் குடுத்துவிட்ட? நாளைக்கு வராத."

அதே வார்த்தை! காசிராஜன் மாற்றிக் கொட்டியதைப் பார்த்தேன் என்று சொன்னால், அப்போதே ஏன் சொல்லவில்லை என்பார் திருப்பதி. வீட்டில் அடுப்பு அணைவது கண்முன் தெரிந்தது.

காசிராஜன் எழுந்தார். "என்னையச் சோதிக்காம அந்தப் பிள்ளையப் போகச் சொல்றீகளே" என்றபடி துண்டை உதறினார். வேட்டி மடிப்பையும் அவிழ்த்து உதறினார். பெண்கள் எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டோம்.

"காய யாரும் எடுக்கல. நாந்தான் மாத்திக் கொட்டிட்டேன். வெடிச்ச காய் மூட்டையப் பிரிச்சுப் பாருங்க."

கொட்டிப் பார்த்தார்கள். பச்சைக் காய் கிடந்தது. திருப்பதி என்னை வேலைக்கு வரச் சொன்னார். "மாத்திக் கொட்டுற ஆளு நமக்கு வேணாம்ணே" என்று அவரை அனுப்பிவிட்டார். அந்த மனுஷன் நாலு பேர் முன்னால் தலைகுனிந்து நிற்பதைப் பார்க்க ஏழு வருஷம் காத்திருந்தவள் நான். பார்த்தேன். தாங்க முடியவில்லை.

வாசலுக்கு ஓடினேன். அதுவரை முதலாளி என்றுகூட அவரை நான் கூப்பிட்டதில்லை.

"அண்ணே, நீங்க மாத்திக் கொட்டுனத நான் பாத்தேன். வேணும்னுதான் சொல்லல."

"தெரியும்த்தா."

நான் நிமிர்ந்து அவரைப் பார்த்தேன்.

"நான் கொட்டுறப்ப உன் கை நின்னுச்சு. ஏன்னு அப்பப் புரியல. திருப்பதி கத்துறப்பத்தான் புரிஞ்சுச்சு" என்று செருப்பை மாட்டினார். "அந்தாளு கத்துனது என் சத்தம் மாதிரியே இருந்துச்சு செல்லத்தாயி. அன்னைக்கு எம் புஞ்சையில உனக்கு எப்படி இருந்திருக்கும்னு இன்னைக்குத்தான் தெரிஞ்சுச்சு."

நான் பார்த்ததை அவர் அங்கேயே எல்லார் முன்னாலும் சொல்லியிருக்கலாம். சொன்னால் என் வேலையும் போயிருக்கும். அது தெரிந்துதான் மனுஷன் சொல்லாமல் வந்திருக்கிறார்.

"எரிஞ்ச தோட்டத்துல நாத்து நட போடிமெட்டுக்கு ஆள் ஏத்துறாகளாமே. ஜீப்பு காலையில எத்தன மணிக்கும்மா?"

ஐந்து மணிக்கு. ஐந்து விரலையும் விரித்துக் காட்டினேன்.