எந்த ஊர் ஆப்பிள்

பழம் பறிக்கும் கூட்டத்தின் மேஸ்திரிக்கு மாதங்களின் பெயரால் ஒரு பயனும் இருந்ததில்லை. தெற்கே ஆரஞ்சு முடிந்தால் நடுவே திராட்சை, பிறகு வடக்கே ஆப்பிள் என்று முப்பது வருடமாகப் பழுக்கிற வரிசையிலேயே ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தார். மூத்த மகள் ஆரஞ்சில் பிறந்தவள், இளையவள் திராட்சையில்.

திராட்சைத் தோட்டத்தில் ஏணி சரிந்து அவர் கால் எலும்பு முறிந்தது. கட்டுப் போட்ட நர்ஸ், அவருக்குப் புரியட்டும் என்று, "ஆப்பிள் பறிக்கிறப்ப காலை ஊனுங்க, அதுவரைக்கும் கட்டில்தான்" என்றாள்.

அவள் மலையூர்க்காரி. அவளுக்குத் தெரிந்தது மலை ஆப்பிள் மட்டும்தான். பள்ளத்தாக்கில் அது ஒன்றரை மாதம் முந்தியே பழுத்துவிடும்.

கால்கட்டைப் பார்க்க நர்ஸ் மேஸ்திரியின் வீட்டுக்கு வந்த அன்று, அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக்காலில் நின்றிருந்தார். கட்டுப் போட்ட காலைத் தரையில் வைக்கப் போனார்.

"பள்ளத்தாக்குல பறிக்க ஆரம்பிச்சாச்சும்மா. நாளைக்கு லாரி கிளம்புது. நான் போகலைன்னா என் மச்சினன் மேஸ்திரி ஆயிடுவான்."

"உக்காருங்க" என்றாள் நர்ஸ்.

"எந்த ஊர் ஆப்பிள்னு நீ சொல்லலையே."

"சரிதான். எல்லாத்துக்கும் கடைசியா எது பழுக்கும்?"

"அவருகிட்டயா கேக்கறே?" என்றாள் மனைவி.

மேஸ்திரி கொஞ்சம் முந்திப் பழுக்கிற ஒன்றைச் சொல்லியிருக்கலாம். ஆனால் பழ விஷயத்தில் அவருக்குப் பொய் வராது.

"மலை உச்சியில ஒரு பச்சை ஆப்பிள் இருக்கு. பனி விழுந்தப்புறம்தான் பறிப்போம்."

"அப்ப அதுதான்."

மறுநாள் மச்சினன் லாரியில் முன்சீட்டில் ஏறிக்கொண்டான். எலும்பு நேராகக் கூடியது.