மணிக்கூட்டுக்குப் பேர் வாசித்தவன்

செவன் ஹில்ஸில் டயர்க் கடைக்குப் பின்னாலிருந்த தகரக் கூரைக் கட்டடத்தில் யோகராணிக்குப் பதினொரு வருட வேலை. பழைய வீடியோ நாடாக்களைக் கணினிக்கு மாற்றிக் கொடுப்பாள்.

போன வருடம், இங்கிலாந்தின் வடக்கே ஒரு தொலைக்காட்சி நிலையம் எடுத்த சிறுவர் நிகழ்ச்சியின் நாடாக்கள் நாற்பது வந்தன. மெல்பேர்ணில் ஒருவர் வாங்கிச் சேர்த்து வைத்தவை. அந்தக் காலத்துப் பிரித்தானியப் பதிவுகளுக்கு முன்னால் ஒரு மணிக்கூடு வரும். கறுப்பு முகம், வெள்ளை முள், பக்கத்தில் நிகழ்ச்சியின் பெயரும் இலக்கமும் திகதியும் எழுதிய பலகை. ஒருவர் அதை வாசிப்பார். முள் முப்பது விநாடியிலிருந்து இறங்கும். மூன்றில் திரை இருண்டு, பிறகு நிகழ்ச்சி தொடங்கும். நிலையத்தில் இருப்பவர்களுக்கான ஏற்பாடு அது. வீட்டில் பார்க்கிறவர்கள் அதைக் கண்டதில்லை.

பெட்டியில் நிலையத்தின் பெயரைப் பார்த்ததும் யோகராணி அதைத் திரும்பத் திரும்ப வாசித்தாள். அவளுடைய அண்ணன் கிறிஸ்ரியன் வேலை செய்த இடம். மன்னாரிலிருந்து 1982இல் போனவன், "மணிக்கூட்டுக்குப் பேர் வாசிக்கிறன்" என்று எழுதியிருந்தான். வீட்டில் ஒருவருக்கும் விளங்கவில்லை. 1987 ஒக்ரோபர் ஒன்பதாம் திகதி மழையில் மோட்டார் சைக்கிள் சறுக்கி இறந்தான். அங்கேயே அடக்கம் செய்தார்கள். கடிதங்களும் படங்களும் இடப்பெயர்வில் போய்விட்டன.

முதல் நாடாவை ஓட்டினாள். யாரோ இரண்டு தரம் தொண்டையைச் செருமினார்கள். பூசையில் வாசகம் வாசிக்க ஏறும்போது அவன் செருமுவது அப்படித்தான். பிறகு ஆங்கிலத்தில் பெயர், இலக்கம், திகதி. 1987 ஜனவரி இருபத்தேழு. யோகராணி ஹெட்போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

வாரத்துக்கு ஒரு நிகழ்ச்சி, அதற்கு ஒரு நாடா. திகதிகள் வரிசையாக ஏறின. ஒக்ரோபர் நெருங்க நெருங்க அவள் வேலை மெதுவானது. மேலாளர் கௌரிசங்கர் வந்து கேட்டான்.

"என்னக்கா, இதுல மட்டும் லேட் ஆகுது?"

சொன்னாள். அவன் பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்துவிட்டான்.

"அந்த வாரத்தை நான் பண்ணிடட்டுமா?"

"வேண்டாம் தம்பி. நானே செய்யிறன்."

முப்பத்தேழாவது நாடா, ஒக்ரோபர் ஆறு. அண்ணனுக்கு அன்று தடிமன் பிடித்திருந்தது. இலக்கத்தைப் பிழையாகச் சொல்லி, மன்னிப்புக் கேட்டு, திரும்ப வாசித்தான். யோகராணி அதை நாலைந்து தரம் கேட்டாள்.

முப்பத்தெட்டு, ஒக்ரோபர் பதின்மூன்று. வேறு ஒருவருடைய குரல். அதே மணிக்கூடு, அதே சொற்கள், அதே வேகம். அவன் இறந்து நாலு நாள்தான். முள் மூன்றுக்கு வந்ததும் திரை இருண்டது. பிறகு பொம்மைகள் கைகொட்டிச் சிரித்துக்கொண்டு வந்தன. யோகராணி எழுந்துபோய்க் கழிவறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதாள்.

வாடிக்கையாளரிடம் அனுமதி வாங்கி, அண்ணனின் குரல் துண்டு ஒன்றைக் கைப்பேசியில் ஏற்றித் தந்தான் கௌரிசங்கர். ஞாயிறு பூசை முடிந்ததும் அவள் நேரே வென்ட்வர்த்வில் முதியோர் இல்லத்துக்குப் போனாள். அம்மா பிலோமினம்மாவுக்கு எண்பத்தேழு வயது. நினைவு தெளிவுதான், காது மட்டும் கொஞ்சம் மந்தம்.

"அம்மா, இதைக் கேளுங்கோ."

அம்மா கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள்.

"ஆர் பிள்ளை இது? உன்ர வேலையிடத்து வெள்ளைக்காரனே?"

"அண்ணா, அம்மா. எங்கட கிறிஸ்ரியன்."

அம்மா கைப்பேசியைப் பிடுங்காத குறையாக வாங்கினாள். திரும்பக் கேட்டாள். அதன்பிறகும் கேட்டாள். அவன் ஆங்கிலம் பேசி அவள் கேட்டதேயில்லை. அவள் முகம் அந்தக் குரலில் எதையோ தேடிக்கொண்டே இருந்தது, ஒன்றும் அகப்படவில்லை.

"அவன்தானோ? உனக்கு வடிவாத் தெரியுமோ?"

"ஓம் அம்மா. அவன்தான்."

"என்ன சொல்லுறான்?"

"நிகழ்ச்சியின்ர பேர். இலக்கம். திகதி."

"வேற ஒண்டும் சொல்லேல்லையோ?"

ஏதாவது சேர்த்துச் சொல்லலாமா என்று யோகராணி ஒரு கணம் நினைத்தாள்.

"இல்லை அம்மா. அவ்வளவுதான்."

அம்மா தலையை ஆட்டினாள். பிறகு, முன்பின் தெரியாத ஒருவர் பேசும்போது மரியாதைக்குக் கேட்டுக்கொண்டிருப்பதுபோல, கைகளை மடியில் கோத்துக்கொண்டு சொன்னாள்.

"இன்னொருக்காப் போடு பிள்ளை."