கோடு போடாத ஒன்று

ஒன்பதாம் வகுப்புக் கரும்பலகையில் ஆறில் ஒன்றைத் தசமமாக எழுதும்போதெல்லாம் எனக்குக் கை ஓய்ந்துவிடுகிறது. பூச்சியம், புள்ளி, ஒன்று, பிறகு ஆறு, ஆறு, ஆறு. எத்தனை முறை வகுத்தாலும் மீதி நான்குதான், வருவதும் ஆறுதான். சலித்துப்போய் அந்த ஆறின் தலையில் ஒரு கோடு போட்டு நிறுத்திக்கொள்கிறோம். முன்னால் ஒரே ஒரு முறை வந்த ஒன்றின் மேல் கோடு கிடையாது. அதைச் சொல்லும்போது தமிழ் டீச்சர் நினைவு வந்துவிடும்.

மொரப்பூர்ப் பக்கத்துப் பள்ளியில் என் வகுப்பு முடிந்ததும் அவருடைய வகுப்பு. நான் அழிக்காமல் விட்டுப்போனதைத் திட்டிக்கொண்டே அழிப்பார். ஒருநாள் மட்டும் அழிக்கவில்லை. ஒரு பாட்டு முடிந்த சொல்லில் அடுத்த பாட்டைத் தொடங்கும் அந்தாதியை, என் ஆறுகளைக் காட்டியே நடத்தினாராம். மாலையில் அரூர் பஸ்ஸுக்கு நிற்கும்போது பிடித்துக்கொண்டார்.

"எங்க அந்தாதியில கடைசிப் பாட்டு, மொதப் பாட்டோட மொத சொல்லுலயே வந்து முடியும். உங்க ஒன்னு மட்டும் ஏங்க சார் திரும்பி வர்றதில்ல?"

"அது அவ்ளோதாங்க டீச்சர். ஆறுல சிக்கிட்டா அப்பறம் ஆறுதான்," என்றேன். தொடர்ந்து பாடம் நடத்திய அலுப்பு எனக்கு. அவர் முகம் வாடியதைப் பிறகுதான் கவனித்தேன்.

பஸ்ஸில்தான் சொன்னார். முன்பெல்லாம் தினமும் அவர் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே உள்ளிருந்து கணவரின் குரல் வருமாம்: "கண்ணு, பஸ் கெடச்சுதா?" பக்கவாதம் வந்தபின் கணவரின் பேச்சில் மிஞ்சியது பின்பாதி மட்டும். சோறு ஊட்டும்போது பஸ் கெடச்சுதா. டாக்டரிடமும், சிலிண்டர் போட வந்தவரிடமும் பஸ் கெடச்சுதா. டீச்சர் ஒவ்வொரு முறையும் அப்போதுதான் கேட்டதுபோல "கெடச்சுதுங்க" என்று பதில் சொல்வார். 'கண்ணு' என்று தொடங்கி ஓர் அந்தாதி எழுதிக்கொண்டிருந்தார். கடைசிப் பாட்டை மட்டும் எழுதாமல் வைத்திருந்தார்.

"அந்தக் 'கண்ணு'வ அவரு வாயால ஒருக்கா கேட்டுட்டா முடிச்சிருவேன் சார். எனக்கு அது போதும்."

கேட்க வாய்க்கவில்லை. கணவர் இறந்த செய்தி வந்து, பஸ்ஸுக்கு நின்று நின்று அலுத்து, அரூர் வீட்டுக்கு நான் போய்ச் சேர்ந்தபோது டீச்சர் உறவுக்காரர்கள் நடுவே உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும், "பஸ் கெடச்சுதுங்களா சார்?" என்றார். கேட்ட பிறகு அவரே திடுக்கிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். கணவர் முடித்த இடத்தில் டீச்சர் தொடங்கியிருந்தார். "கெடச்சுதுங்க டீச்சர்," என்றேன்.

டீச்சர் ஓய்வு பெற்றுவிட்டார். அந்தாதி என்ன ஆனது என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை. எப்போது போன் செய்தாலும் அவருடைய முதல் கேள்வி, பஸ் கிடைத்ததா என்பதுதான். இப்போது வீடு மாறி, நான் போய்வருவது ரயிலில். ஆனாலும் மொரப்பூர் ஸ்டேஷனில் நின்றுகொண்டே, பஸ் கிடைத்தது என்றுதான் சொல்கிறேன்.

பலகையை இப்போதெல்லாம் நானே அழித்துவிட்டு வருகிறேன். இன்று கோட்டை அழித்தேன், ஆறுகளை அழித்தேன். அந்த ஒன்றை அழிக்கக் கை வரவில்லை.