அடித்து எழுதிய நாலு

என் பீரோவில், ரேஷன் கார்டும் மகளின் பிறப்புச் சான்றிதழும் இருக்கும் பிளாஸ்டிக் உறைக்குள், கட்டம் போட்ட தாள் ஒன்று இருக்கிறது. நான் முன்பு வேலை பார்த்த மருத்துவமனையில், தடுப்பூசி வைக்கும் ஃப்ரிட்ஜின் கதவில் ஒட்டியிருந்த தாள் அது. நாளுக்கு இரண்டு கட்டம். காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று. உள்ளே தொங்கும் மீட்டரைப் பார்த்து, அது காட்டும் டிகிரியை எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். இரண்டுக்கும் எட்டுக்கும் நடுவில் இருந்தால் மருந்து நல்ல மருந்து. தாள் முழுக்க நாலு, நாலு, நாலு என்றுதான் இருக்கும். ஒரே ஒரு கட்டத்தில் மட்டும் வேறொருவர் கையெழுத்தில் மைனஸ் இரண்டு என்று எழுதி, அதைக் கோடு போட்டு அடித்து, பக்கத்தில் நாலு என்று திருத்தியிருக்கும். கோடு போட்டது நான்.

மைனஸ் இரண்டு எழுதியவரை நாங்கள் பேரையூர் அக்கா என்போம். பேரையூரிலிருந்து இரண்டு பஸ் மாறி, சமயநல்லூர் போகும் சாலையில் இருந்த எங்கள் மருத்துவமனைக்கு வருவார். என்னைவிட ஆறு வயது மூத்தவர். நரம்பே தெரியாத கிழவிகளுக்கும் ஒரே குத்தில் ஊசி ஏற்றிவிடும் கை. ஆனால் தனக்கென்று ஊசி வந்தால் முகம் வெளுத்துப் போகும். கேலி செய்தால், "அடுத்தவன் கையின்னா நமக்கு வலிக்காது புள்ள" என்பார். அவருக்குச் சின்ன வயதிலிருந்தே மூச்சிரைப்பு உண்டு. மழை இருட்டிக்கொண்டு வந்தாலே கோட்டுப் பையைத் தொட்டு, உறிஞ்சும் மருந்து இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வார்.

அந்த மீட்டரை யாரும் பார்ப்பதில்லை. இதைச் சொல்ல இப்போது எனக்கு வெட்கமில்லை, வெட்கத்தைத் தாண்டியாகிவிட்டது. சனிக்கிழமை டியூட்டியில் இருப்பவர் அந்த வாரத்துக்கும் சேர்த்து நாலு போட்டுவிடுவார். புதிதாகச் சேர்கிறவர்களுக்குப் பஞ்சு எந்த அலமாரியில் இருக்கிறது என்று காட்டும்போதே இதையும் சொல்லிக்கொடுப்போம். ஆய்வுக்கு வந்தவர்களும் தாளைத்தான் பார்த்தார்கள். ஃப்ரிட்ஜைத் திறந்து பார்த்தவர் ஒருவரும் கிடையாது. திறந்திருந்தால் எங்கள் தண்ணீர் பாட்டில்களும், மத்தியானம் வாங்கிய மல்லிகைப் பொட்டலமும் மருந்துப் பெட்டிகளோடு ஒட்டிக்கொண்டு இருந்திருக்கும்.

அந்த வருடம் புரட்டாசி வெயில் சித்திரையைத் தோற்கடித்தது. தண்ணீர் சில்லென்று இல்லை என்று ஃப்ரிட்ஜில் குளிரைக் கூட்டும் திருகைக் கடைசி எண்வரை திருப்பி வைத்தேன். நான்தான். மழைக்காலக் காய்ச்சலுக்கு முன்பாகப் பணியாளர்களுக்குப் போட வந்த ஃப்ளூ ஊசிகள் அதற்குள்தான் இருந்தன. இரண்டு நாள் கழித்து, மறுநாள் ஊசி போட்டுக்கொள்ள வேண்டுமே என்ற பயத்திலோ என்னவோ, பேரையூர் அக்கா ஃப்ரிட்ஜைத் திறந்து மீட்டரைப் பார்த்து, பார்த்ததை எழுதிவிட்டு என்னைக் கூப்பிட்டார். உறைந்த ஃப்ளூ ஊசி வீண் என்று இரண்டு பேருக்குமே பாடம். உருகிவிட்டால் பார்வைக்குப் பழையபடி தெளிவாகத்தான் இருக்கும். மேலே சொன்னால் மொத்தப் பெட்டியையும் கொட்ட வேண்டும், திருகைத் திருப்பியது யார் என்று கேள்வி வரும். மீட்டர் கெட்டுப்போயிருக்கிறது என்று சொல்லி, அக்காவின் கையில் இருந்த பேனாவையே வாங்கி அடித்தேன். அவர் என்னை ஒரு நிமிடம் பார்த்தார், பிறகு நோயாளி கூப்பிட்டார் என்று போய்விட்டார். திருகை நான் பழைய இடத்துக்குத் திருப்பி வைத்தேன். மறுநாள் காலை வரிசையில் நின்று எல்லோரும் போட்டுக்கொண்டோம். அக்காவுக்குப் போட்டது என் கை.

ஐப்பசியில் காய்ச்சல் வந்து இறங்கியது. கட்டில் போதாமல் வராந்தாவில் பாய் விரித்தோம். ஒருவருக்கு ஆக்சிஜன் மாட்டிவிட்டுத் திரும்பினால் அடுத்தவர் நீலம் பாரித்திருப்பார். சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுபோன நாட்கள் எத்தனையோ. அப்போதுதான் அக்கா, தனக்கு மூச்சிரைப்பு இருப்பதால் காய்ச்சல் வார்டிலிருந்து கண் பிரிவுக்கு மாற்றச் சொல்லி எழுதிக்கொடுக்கப் போவதாகச் சொன்னார். அவர் போனால் அந்த வார்டில் நான் ஒற்றை ஆள். அந்தப் பயத்தில் சொன்னேன்: "ஊசி போட்டாச்சுல்லக்கா. இன்னும் எதுக்குப் பயப்படுறீக?"

எழுதி வைத்திருந்த கடிதத்தை அவர் கொடுக்கவில்லை.

அந்தப் பெட்டியிலிருந்து போட்டுக்கொண்டவர்களில் பாதிக்கு மேல் படுத்தோம். நானும் படுத்தேன், ஐந்தாம் நாள் எழுந்து ரசம் சாதம் சாப்பிட்டேன். அக்காவை நாங்கள் பார்த்துக்கொண்டிருந்த வார்டிலேயே படுக்க வைத்து, பிறகு அங்கிருந்து மூச்சுக் கருவிக்குக் கொண்டுபோனார்கள். உயிர் மிஞ்சியது, நுரையீரல் மிஞ்சவில்லை. ஐம்பதடி நடந்தால் உட்கார வேண்டும் என்ற நிலையில் வேலையை விட்டுவிட்டு ஊருக்குப் போனார். செவிலியர் தினத்தன்று நிர்வாகம் எங்களுக்குப் பொன்னாடை போர்த்தி, தெய்வங்கள் என்று மைக்கில் சொன்னது. தெய்வங்களுக்குத் துணைக்கு ஒரு ஆளைப் போட்டுத்தரவில்லை.

ஒருநாள் பெரிய டாக்டரிடம், ஊசி போட்டும் இப்படி ஆகுமா என்று ஒன்றும் தெரியாதவள் மாதிரி கேட்டேன். ஃப்ளூ ஊசி எல்லோரையும் காய்ச்சலிலிருந்து காப்பாற்றாது, கிருமி வேஷம் மாற்றும் வருடங்களில் இன்னும் குறைவாகத்தான் பலன் தரும், ஆனால் படுத்தவர்களில் பலரை மூச்சுக் கருவிவரை போகாமல் தடுத்துவிடும் என்றார். அவர் சொன்னதில் முதல் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு மூன்று வருடம் தூங்கினேன். நல்ல ஊசியே போட்டிருந்தாலும் அக்காவுக்கு இப்படித்தான் ஆகியிருக்கலாம். ஆகாமலும் இருந்திருக்கலாம். எதுவென்று சொல்ல இனி யாராலும் முடியாது என்பதுதான் எனக்கு வசதியாக இருந்தது. வேலையை விடும்போது பழைய தாள்களைக் கிழிக்கச் சொன்னார்கள். அந்த மாதத்துத் தாளை மட்டும் ஏனோ மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன்.

இந்த வருடம் அதை எடுத்துக்கொண்டு பேரையூர் போனேன். அக்கா வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்தார். காபி கொடுத்தார். ஒரு வரி பேச இரண்டு முறை மூச்சு வாங்க வேண்டியிருந்தது. தாளை அவர் மடியில் விரித்து வைத்து, மீட்டர் கெடவே இல்லை, திருகைத் திருப்பியது நான் என்று சொன்னேன். அவர் தாளைப் பார்க்கவே இல்லை.

"அது நான் படுத்தப்பவே எனக்குத் தெரிஞ்சுபோச்சு புள்ள," என்றார். "நான் சொல்லிருந்தா ஒன் வேலை போயிருக்கும். ஒனக்கு அப்பக் கைப்புள்ள. அதான் கேட்டவங்க கிட்ட எல்லாம், ஃப்ரிட்ஜ விட்டுட்டு, ஊசிதான் கேக்கலன்னு சொன்னேன்."

நான் அழத் தொடங்கினேன். மன்னிப்பு கிடைத்துவிட்டது என்று நினைத்த அழுகை அது. அவர் மூச்சு வாங்கி முடிக்கும்வரை எனக்கு அந்த நினைப்பு இருந்தது.

"போன மழைக்கு மேலத்தெருவுல ஒரு புள்ளத்தாச்சி வந்து கேட்டா. அந்த ஊசியப் போடச் சொல்றாக, போடவாக்கான்னு. நான் நர்சு, நானே போட்டு இப்படிக் கெடக்கேன், வேணாம்னேன். காய்ச்சல் வந்து எட்டு மாசத்து வயித்தோட போயிட்டா. ஊசி மேல குத்தமில்லன்னு அவ வீட்டுல போயி யாரு சொல்லுறது? நீ போறியா, நான் போகட்டுமா?"

அக்கா தாளைப் பழைய மடிப்பிலேயே மடித்து, நீயே வைத்துக்கொள் என்று என் கையில் கொடுத்தார். மேலத்தெரு பஸ் ஸ்டாண்டுக்குப் போகும் வழியில்தான் இருந்தது. நான் சுற்றிக்கொண்டு போனேன்.

இப்போது வண்டியூர் பக்கம் ஒரு கிளினிக்கில் இருக்கிறேன். காலையும் மாலையும் குனிந்து மீட்டரைப் பார்த்துத்தான் எழுதுகிறேன்: மூணு, அஞ்சு, மூணு. இத்தனை ஒழுங்கான சிஸ்டரைப் பார்த்ததில்லை என்கிறார் இங்குள்ள டாக்டர். நேற்று ரேஷன் கார்டு எடுக்கும்போது அந்தத் தாள் கையோடு வந்தது. விரித்துப் பார்த்தேன். கோட்டுக்கு அடியில் மைனஸ் இரண்டு இன்னும் தெளிவாகப் படிக்க முடிகிறது. பேனாவை அழுத்திக்கூட நான் அடிக்கவில்லை.