துளசிங்கம் தட்டாத என்ட்டர்

மேற்குத் தாம்பரம் சண்முகம் சாலையில் பக்கீர் முகமதுவின் பெயிண்ட் கடை. மாடியில் ஒரு கம்ப்யூட்டர், ஒரு மின்விசிறி, அவர் மகள் மெஹ்னாஸ். எம்.சி.ஏ. படித்துவிட்டு, கம்பெனி வேலை வேண்டாம், நானே புரோகிராம் எழுதி நானே விற்பேன் என்று மாடியேறி உட்கார்ந்தவள். பிடிவாதம் என்றால் அப்படி ஒரு பிடிவாதம். எழுதும்போது வாய்விட்டுப் பேசுவாள். கீழே டிஸ்டம்பர் வாங்க வந்தவர்கள் மாடியில் ஏதோ சண்டை என்று நிமிர்ந்து பார்ப்பார்கள். "ஒண்ணுமில்ல, பொண்ணு கம்ப்யூட்டரத் திட்டுது" என்பார் பக்கீர் முகமது. குரலில் பெருமைதான் இருக்கும்.

இரண்டாயிரத்து ஆறில் அவளுக்குக் கல்யாணம் பேசி முடித்தார்கள். மாப்பிள்ளை யாசீனுக்குச் சார்ஜாவில் வேலை. ஆவணியில் ஒரு மாத லீவு, ரம்ஜானுக்கு முன் திரும்பிவிட வேண்டும். ஆவணியில் தாம்பரத்தில் மண்டபம் கிடைப்பதும் குதிரைக்குக் கொம்பு முளைப்பதும் ஒன்று. அத்தா பக்கீர் முகமது செருப்பு தேய அலைந்தும் ஒரு ஞாயிறுகூடக் கிடைக்கவில்லை.

மெஹ்னாஸ் விடுவாளா? தாம்பரத்திலும் கூடுவாஞ்சேரியிலும் ஊருக்கொரு மண்டபம் வைத்திருந்த பக்தவச்சலம் முதலியாரிடம் நேரே போனாள். ரெண்டு மண்டபத்துத் தேதிகளையும் ஒரே இடத்தில் வைக்கும் புரோகிராம் எழுதித் தருகிறேன், காசு வேண்டாம், ஆவணியில் ஒரு ஞாயிறு என் நிக்காஹ்வுக்கு மண்டபம் கொடுங்கள் என்றாள். ஆசாமி அசந்துபோய்ச் சரி என்றார்.

பெர்ல் என்ற கம்ப்யூட்டர் மொழியில் எழுதினாள். தேதிகள் எல்லாம் இருக்கும் டேட்டாபேஸ் தாம்பரம் ஆபீஸ் கம்ப்யூட்டரில். கூடுவாஞ்சேரிக்காரர் டெலிபோன் லைன் வழியாக அதையே திறந்து பார்க்க வேண்டும். ஒரே தேதியை ரெண்டு குடும்பத்துக்குக் கொடுத்துத் தொலைத்தால் அடிதடியாகிவிடும் அல்லவா? அதனால் ஒருவர் பதிவு செய்ய ஆரம்பித்தால் தேதிப் பட்டியல் பூட்டிக்கொள்ளும். அவர் என்ட்டர் தட்டி முடிக்கும்வரை மற்றவர் காத்திருக்க வேண்டும், தட்டியதும் திறந்துகொள்ளும். அரை நிமிஷ வேலை. எழுதி முடித்த அன்று தன் முதுகைத் தானே தட்டிக்கொண்டாள்.

ஒரு வாரம் ஆகவில்லை, கூடுவாஞ்சேரி மேனேஜர் லாசரஸ் போன் பண்ணினார். "மேடம், பொட்டி நின்னுகினு கீது. தேதி கேட்டா பதிலே வரல. பார்ட்டி எதிர்ல குந்திகினு மொறைக்கிறான்."

அவள் பஸ் பிடித்துப் போய்ச் சேர்வதற்குள் அது தானாகவே சரியாகியிருந்தது. மறுநாளும் நின்றது, வேறு நேரத்தில். ஒரு நாள் காலையில், ஒரு நாள் உச்சி வெயிலில், ஒரு நாள் சாயங்காலம். பிடிக்கப் போனால் ஆளைக் காணோம். கனெக்ஷன் காத்திருக்கும் நேரத்தைக் கூட்டினாள், குறைத்தாள். டெலிபோன் லைனில் மாட்டியிருந்த மோடத்தை மாற்றினாள். கேள்வி கேட்கும் வரிகளை ஒவ்வொன்றாகத் திருத்தி எழுதினாள். ம்ஹூம். தாம்பரம் மேனேஜர் துளசிங்கத்தைக் கேட்டால், "எனக்கு ஒரு கொறையும் இல்லம்மா, தங்கமா ஓடுது" என்றார். அவருக்கு நன்றாக ஓடியது என்னவோ உண்மைதான்.

பக்தவச்சலம் பொறுமை இழந்தார். "ஞாயித்துக்கெழமைக்குள்ள சரியாவலன்னா பழையபடி போர்டுல சாக்பீஸால எழுதிக்கிறேன். மண்டபமும் கெடையாது, பாத்துக்கோ."

அன்று ராத்திரி சார்ஜாவுக்கு விஷயம் போனது. யாசீன் போனில், "மண்டபம் இல்லன்னா தெருவுல பந்தல் போட்டுக்கலாம்" என்றான். நல்லவன்தான். ஆனால் இது பந்தல் விஷயமா? அவளுடைய முதல் புரோகிராம், அதை வைத்து அவளே சம்பாதித்த மண்டபம். சாக்பீஸிடம் தோற்க அவளுக்கு மனசில்லை.

செவ்வாய்க்கிழமை காலையிலேயே தாம்பரம் ஆபீஸில் போய் ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டாள். பேய் வரட்டும், இன்று முகத்தைப் பார்த்துவிடுகிறேன் என்று. மதியம் மூன்று மணிக்குச் சற்று முன்னால் திருநீர்மலையிலிருந்து ஒரு குடும்பம் மூச்சிரைக்க ஓடி வந்தது. துளசிங்கம் பரபரவென்று புரோகிராமைத் திறந்தார், பெண்ணின் பெயரை அடித்தார், பிறகு கையைக் கட்டிக்கொண்டு சாய்ந்து உட்கார்ந்தார். எல்லோருக்கும் காபி வந்தது. பேச்சு நகை, பட்டு, சமையல்காரர் என்று சாவகாசமாகப் போனது.

லாசரஸ் போனில் கூப்பிட்டார். "மேடம், நின்னுடுச்சு."

மெஹ்னாஸ் தன் லேப்டாப்பில் டேட்டாபேஸைப் பிடித்து, யார் யார் உள்ளே இருக்கிறார்கள் என்று கேட்டாள். லாசரஸின் கேள்விகள் எல்லாம் 'பூட்டு திறக்கக் காத்திருக்கிறது' என்று வரிசையில் நின்றன. பூட்டைக் கையில் வைத்திருந்தது எந்த மிஷின்? அவளுக்கு இரண்டு முழம் தள்ளி, துளசிங்கத்தின் எதிரில் இருந்த மிஷின்.

"சார், அந்த என்ட்டரைத் தட்டுங்களேன்."

"ராகு காலம்மா. நாலரைக்கு மேல தட்டலாம்."

"அப்போ எதுக்கு சார் இப்பவே ஆரம்பிச்சீங்க?"

துளசிங்கம் அவளைப் பரிதாபமாகப் பார்த்தார். "ராகு காலத்துக்கு முன்னாடியே தொடங்கி வெச்சுட்டா தோஷம் இல்லம்மா. தொடங்கியாச்சு. முடிக்கிறத நல்ல நேரத்துல முடிப்போம். தெனம் இதான் பண்றேன்."

சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது அவளுக்கு. கண்ணில் நீர் வரச் சிரித்தாள். ராகு காலம் கிழமைக்கு ஒரு நேரம், பெட்டி நின்றதும் கிழமைக்கு ஒரு நேரம். எழுதியவள் மெஹ்னாஸ், புகார் சொன்னவர் லாசரஸ். ரெண்டு பேருக்கும் ராகுவோடு கொடுக்கல் வாங்கல் கிடையாது, பின்னே எப்படித் தெரியும்? தப்பு துளசிங்கத்தினுடையதும் அல்ல. மனுஷன் யோசித்து முடிக்கும்வரை பூட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கச் சொல்லி எழுதியவள் அவள்தானே.

அங்கேயே உட்கார்ந்து, வாய்விட்டுத் திட்டிக்கொண்டே மாற்றி எழுதினாள். இனி பெயர் அடித்த கணமே 'பேச்சில் இருக்கிறது' என்று அந்தத் தேதிக்கு ஒரு குறி விழும், தொடங்கிய நேரமும் பதிவாகும், பூட்டு உடனே திறந்துகொள்ளும். முடிப்பதை எப்போது வேண்டுமானாலும் முடிக்கலாம். தொடங்கிய நேரம் திரையில் தெரிந்ததைப் பார்த்துத் துளசிங்கம் குளிர்ந்துபோனார். "இத்த மொதல்லயே வெச்சிருக்கலாமேம்மா" என்றார். ராகு காலம் நடக்கும்போதே லாசரஸ் போன் பண்ணி, "சூப்பரா ஓடுது மேடம்" என்றார்.

சனிக்கிழமை பக்தவச்சலம், மண்டபம் தருவதாகச் சொன்ன சொல்லைக் காப்பாற்ற வந்தார். திரையைப் பார்த்தால் ஆவணி ஞாயிறு எல்லாம் நிரம்பிக் கிடந்தது. காலையில் முகூர்த்தம், ராத்திரி ரிசப்ஷன். துளசிங்கத்தின் முகம் சுருங்கிப்போனது. "நடுவுல சாயங்காலம் நாலரையிலேர்ந்து ஆறுதான் காலி. ஞாயித்துக்கெழமை ராகு காலம். ஒருத்தரும் தொட மாட்டாங்கம்மா."

"அது எங்களுக்குச் சாயங்கால அஸர் தொழுகை தொழுதுட்டு நிக்காஹ் வைக்கிற நேரம், சார். அதையே போடுங்க" என்றாள் மெஹ்னாஸ்.

ஆவணியில் அந்த ஞாயிறு மண்டபம் கொள்ளாத கூட்டம். முதல் ஆளாக வந்தவர் துளசிங்கம். நாலு மணிக்கே சமையல்கட்டுக்குள் நுழைந்து பிரெட் அல்வாவில் ஒரு வாய் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டார். மெஹ்னாஸ் அண்டாவைத் தாண்டி எட்டிப் பார்த்து, "என்ன சார், அதுக்குள்ள பசியா?" என்றாள்.

"பசி இல்லம்மா. உன் கல்யாணச் சாப்பாட்டத் தொடங்கி வெச்சிருக்கேன். இனிமே ராகு காலத்துல எவ்ளோ வேணா சாப்பிடலாம்" என்றார் துளசிங்கம்.