என் வீட்டுக்காரர் போட்ட பிளாஸ்டிக் பை

இன்று காலை, இங்கே மலேசியாவில் பத்து பாகாட் ஊர் பஸ் நிலையத்தில், தே ஐஸ் என்னும் ஐஸ் போட்ட தேநீரைக் குடித்து முடித்த பிளாஸ்டிக் பையை என் வீட்டுக்காரர் நாற்காலிக்கு அடியில் போட்டார்.

இப்போது குப்பை போட்டு மாட்டினால் கோர்ட்டுக்குப் போய், தண்டனையாகத் தெருவைக் கூட்ட வேண்டியிருக்கும் என்று அவருக்கும் தெரியும்.

"எடுத்துத் தொட்டியில போடுங்க" என்றேன்.

"பஸ் வரட்டும்லா" என்றார்.

பஸ்ஸுக்கு முன்னால் நகராண்மைக் கழக அதிகாரிகள் இருவர் வந்துவிட்டார்கள்.

"இது யாரோடது?" என்று ஒருவர் மலாயில் கேட்டார்.

"தெரியாது" என்றார் இவர்.

அதிகாரி, பக்கத்தில் இருந்த வங்காளதேசத் தொழிலாளியிடம் திரும்பி பாஸ்போர்ட்டைக் கேட்டார். அந்த மனிதர் பதறி எழுந்தார். "நான் இல்லை, துவான்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். பாஸ்போர்ட்டை எடுக்கத் தன் தோள்பையின் ஜிப்பை இழுத்து இழுத்துப் பார்த்தார்.

என் வீட்டுக்காரர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவர் இல்லை துவான், போட்டது என் புருஷன்தான்" என்று சொல்லிவிட்டேன்.

அதிகாரி இவருடைய ஐசியை, அடையாள அட்டையை, வாங்கி நோட்டீஸ் எழுதினார். அந்தத் தொழிலாளி என்னைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு, தன் பஸ்ஸைப் பிடிக்க ஓடினார்.

"ஊரே பாக்க என்னைத் தெருக் கூட்ட வெச்சிட்டியே" என்றார் இவர். அதோடு பேச்சை நிறுத்தியவர்தான், இன்னும் வாய் திறக்கவில்லை.

என் இடத்தில் நீங்கள் இருந்தால் சொல்லியிருப்பீர்களா? தைரியமாக எழுதுங்கள், அவர் ஃபேஸ்புக் பார்ப்பதில்லை.